தோன்றா எழுவாய்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாகம் பிரிந்தபோதும் இடிக்கப்பட்டபோதும் வெளியே வந்த பொருள்கள் பல அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள். யாருடைய கல்யாணச் சீராகவோ இருந்த பித்தளைக் குடம் இன்று யாருடைய வரவேற்பறைக்கோ அலங்காரமாகப் போகக் காத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, பர்மாவைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதும் எண்ணத்துடன் அந்தப் பக்கம் போயிருந்தபோது, அந்தத் தெருவில் ஒரு கடையில் பழைய பேரேடு ஒன்றை விலைக்கு வாங்கினேன்.

"இதை வாங்கி என்ன சார் செய்யப் போறீங்க? சினிமாக்காரங்கதான் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர்.

நாவல்காரனுக்கும் சினிமாக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் எழுத நினைத்த நாவலில் வில்லன் யார் என்பது, முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அதற்குக் காரணம் என் பாட்டி. என் தாத்தா பர்மாவில், ஐராவதி டெல்டாவிலுள்ள பியாபோன் என்ற ஊரில், ஒரு செட்டியார் கடையில் சமையற்காரராக இருந்தவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தாத்தா புரோம் வரை எப்படியோ வந்து, அங்கிருந்து டாங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்து, சிட்டகாங் சேர்ந்து, ஊர் வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு வேட்டியும் மலைக்காய்ச்சலும் மட்டுந்தான். "மூணு வருஷச் சம்பளம் செட்டியார் கடையிலேயே நின்னு போச்சு" என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். வட்டிக் கடைக்காரரைக் கதையில் நல்லவராகப் படைக்க என் கை எப்படி எழும்?

ஆகவே, ஆராய்ச்சி என்று நான் செய்ததெல்லாம் ஒருவகைச் சாட்சி தேடல்தான். புத்தகங்களைப் படித்தேன், சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஒருநாள் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். சிவப்புக் கோடுகள் அத்தனையும் ஒரே பேச்சைப் பேசின. கோடு போடாத வரிகளில் வேறு ஏதோ இருந்தது. அவற்றையும் நான் படித்துத்தான் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை.

பேரேட்டை எடுத்துக்கொண்டு, காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் இருக்கும் நண்பரின் தகப்பனாரிடம் போனேன். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர். தமிழ் இலக்கங்களும், காணி, முந்திரி என்ற பின்னக் குறிகளும் அவருக்கு இன்றும் மனப்பாடம். முகப்பில் பாய் போட்டு உட்கார்ந்தோம். ஆச்சி மோர் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது தம் வீட்டுக் கணக்கு அல்ல என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு, யார் வீட்டுக் கணக்கானாலும் மரியாதைக்குரியது என்பதுபோல், பேரேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

பக்கத்துக்குப் பக்கம் பர்மியப் பெயர்கள். பற்று, வட்டி, வரவு. பிறகு திடீரென்று சில பெயர்களுக்கு நேரே, நிலம் எழுதி வாங்கி வரவு வைத்த கணக்கு. ஏக்கர் எவ்வளவு, எந்த ஊர், எத்தனை ரூபாய்க்கு. அத்துடன் அந்தப் பெயர் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் இராது.

"பார்த்தீர்களா ஐயா, நிலத்தை எழுதி வாங்கியிருக்கிறார்கள்!" என்றேன். என் குரலில் இருந்த வெற்றிக் களிப்பு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி, எங்க அப்பச்சி பதினாலு வயசுல பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினாக. நிலம் வேணும்னு அங்கே யாரும் போகலை. கொண்டுவிக்கப் போனவனுக்கு நிலம் எதுக்கு? மூணு வருஷக் கணக்கு முடிச்சா ஊருக்கு வரணும். நெல்லு விலை விழுந்துச்சு. நிலம் வந்து தலையில விழுந்துச்சு. அம்புட்டுத்தான்."

நான் "எழுதி வாங்கினார்கள்" என்றேன். அவர் "வந்து விழுந்தது" என்றார். இருவர் முன்னாலும் இருந்தது ஒரே பக்கம், ஒரே வரி.

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் நடத்திய இலக்கணம் நினைவுக்கு வந்தது. "வந்தான்" என்று மட்டும் சொன்னால், "அவன்" என்ற எழுவாய் வெளியே தெரியாமல் உள்ளே நிற்கிறது. அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். வாக்கியத்துக்கு மட்டுமா அது உண்டு? வாதத்துக்கும் உண்டு. ஒருவர் ஆதாரங்களை அடுக்கி நம்மை நம்ப வைக்கும்போது, அந்த ஆதாரங்களுக்கெல்லாம் எழுவாயாக ஒரு நம்பிக்கை மறைந்து நிற்கிறது. அதை அவர் எழுதுவதில்லை. எழுதத் தேவை என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. பர்மாவின் நிலக்கதையில் அந்த மறைந்த எழுவாய்களைத் தேடிப் பார்க்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை பிறந்தது. சதுப்பும் காடுமாகக் கிடந்த ஐராவதி டெல்டாவைப் பர்மியக் குடியானவர்கள் வெட்டித் திருத்தினார்கள். காடு திருத்தப் பணம் வேண்டும். மாடு வாங்கவும், முதல் அறுவடை வரை சாப்பிடவும் பணம் வேண்டும். ஆங்கில வங்கிகள் சேற்றில் இறங்குவதாக இல்லை. நகரத்தார் இறங்கினார்கள். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் அங்கே இருந்தன. அவர்கள் தொழிலில் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி விவசாயக் கடன்.

அந்த மை காய்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. நெல் விலை பாதியாகி, சில இடங்களில் பாதிக்கும் கீழே போயிற்று. கடனைத் திருப்ப வழியில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில், 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் நூற்றுக்கு 25 பங்கு.

ஆறு, இருபத்தைந்து. இந்த இரண்டு எண்களையும் எவரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மூன்று தரப்பார் மூன்று கதை சொன்னார்கள்.

பர்மிய தேசியவாதிகளின் கதையில், இது ஒரு படையெடுப்பு. வாள் இல்லாமல் பத்திரத்தைக் கொண்டு நடத்திய படையெடுப்பு. எட்டே ஆண்டுகளில் நாலு மடங்கு! வங்கி விசாரணைக் குழுவின் முன்பு, விலை விழுவதற்கு முன்னாலேயே, ஒரு கரேன் சாட்சி செட்டியார் கடைகளைத் தீயை உமிழ்ந்து நிலத்தைக் கருக்கும் நாகங்களுக்கு ஒப்பிட்டார். நிலத்தை இழந்தவனின் வயிற்றெரிச்சல் அந்த உவமையில் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வாதத்தின் தோன்றா எழுவாய் என்ன? "ஒருவன் கையில் ஒரு பொருள் இருந்தால், அதை அவன் விரும்பி அடைந்திருக்கிறான்" என்பது. குடியானவன் கண்ணுக்கு நிலம்தான் செல்வம். ஆகவே நிலம் பெற்றவன் இலாபம் அடைந்தவன். இந்த நம்பிக்கையை முதலில் வைத்துவிட்டால், 25 என்ற எண் தானாகவே குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

செட்டியார் சங்கத்தாரின் கதையில், அதே 25 காயத்தின் அளவு. ரொக்கம் போட்ட இடத்தில் சேறு கிடைத்தது. வட்டி வர வேண்டிய இடத்தில் வரி கட்ட வேண்டியதாயிற்று. நிலத்தை வாங்குவாரும் இல்லை. நாங்கள் வாங்கிய வட்டி பர்மிய லேவாதேவிக்காரர் வாங்கியதைவிடக் குறைவு. எங்கள் பணம் இல்லாவிட்டால் டெல்டாவே இல்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. வட்டி குறைவு என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கும் ஒரு தோன்றா எழுவாய் உண்டு: "இரு கை சேர்ந்து எழுதியது ஒப்பந்தம், இரண்டு கைக்கும் ஒரே பலம்." பேரேட்டில் பற்று என்றால் பற்று, வரவு என்றால் வரவு. காடு வெட்டியவனின் வியர்வைக்கு எந்தக் கலத்திலும் இடம் இல்லை. நிலம் வரவாக எழுதப்பட்ட அன்று கணக்கு நேராகிவிடுகிறது. கணக்கு நேரானால் நியாயமும் நேராகிவிட்டது என்று எண்ணுவது கணக்கு எழுதிப் பழகியவர்களின் குறை. கதை எழுதுகிறவர்களுக்கு அதற்கு ஈடாக வேறு குறைகள் இருக்கின்றன.

மூன்றாவது, சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் கதை. அதில் நிலம் பிடுங்கப்படவும் இல்லை, வந்து விழவும் இல்லை, "கைமாறிற்று". பர்மியக் குடியானவன் கேளிக்கைப் பிரியன், முன்யோசனை இல்லாதவன், செட்டியார் கெட்டிக்காரர், ஆகவே கைமாறிற்று. அறிக்கைகளில் நான் கண்ட மிக நுட்பமான தோன்றா எழுவாய் இதுதான். ஏனென்றால் இங்கே மறைந்து நிற்பது எழுதியவரே. நிலத்தைப் பட்டா போட்டு, அடமானம் வைத்து, ஏலத்தில் விற்கக்கூடிய சரக்காக ஆக்கிய சட்டம் எங்கிருந்து வந்தது? பழைய பர்மிய வழக்கில், மூதாதையர் நிலம் கைவிட்டுப் போனாலும் மீட்டுக்கொள்ளும் வழி பெரும்பாலும் திறந்தே இருந்தது. புதிய நீதிமன்றம் அதை அடைத்தது. விலை விழுந்த பிறகும் தீர்வை கேட்டது யார்? நெல்லை வாங்கிய பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் 1921-இல் தமக்குள் கூடிக்கொண்டு, "புல்லிங்கர் பூல்" என்ற பெயரில் ஒன்றாக நெல் வாங்கினவே, அதற்கு யார் பொறுப்பு? அறிக்கை எழுதியவருக்குச் சட்டமும் தீர்வையும் சந்தையும் மழையையும் வெயிலையும் போல. மழை பெய்தது என்று எழுதும்போது யார் பெய்வித்தார் என்று எழுதுவோமா?

1930 டிசம்பரில் தாராவாடியில் ஸயா ஸான் தலைமையில் குடியானவர் கலகம் வெடித்தபோதும் இதே கதைதான். கலகக்காரர்கள் உடம்பில் பச்சை குத்தியிருந்தார்கள்; குண்டு துளைக்காது என்று தாயத்துக் கட்டியிருந்தார்கள். சர்க்கார் தரப்பு அந்தத் தாயத்தைச் சுட்டிக்காட்டி, இது மூடநம்பிக்கையால் வந்த கலகம் என்றது. எதிர்த்தரப்பு வரியையும் நெல் விலையையும் சுட்டிக்காட்டியது. தாயத்தும் உண்மை, வரியும் உண்மை. ஸயா ஸானுக்காக வாதாடிய டாக்டர் பா மா பிற்பாடு பர்மாவின் பிரதமரானார். ஸயா ஸான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். எது காரணம், எது வெறும் அலங்காரம் என்பதைத் தாயத்து தானே சொல்லாது. பார்க்கிறவர்தாம் சொல்லுகிறார்.

நம் நாட்டுக் கதையிலும் இது புதிதல்ல. இந்தியா இறக்குமதி செய்வதைவிட அதிகமாக ஏற்றுமதி செய்கிறது என்ற கணக்கைப் பார்த்து ஆங்கிலேயர் பலர் மகிழ்ந்தார்கள். வியாபாரம் செழிக்கிறது என்றார்கள். அதே கணக்கைத்தான் தாதாபாய் நௌரோஜி 1901-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்கொண்டார். அனுப்பிய சரக்குக்கு ஈடாகத் திரும்பி வராத பாக்கி எங்கே என்று கேட்டார். செழிப்புக்குச் சாட்சியாக நின்ற எண் சுரண்டலுக்குச் சாட்சியாகிவிட்டது. மாறியது கேள்வி, எண் அல்ல.

இங்கே வாசகர் ஒரு நியாயமான சந்தேகம் கேட்கலாம்: "அப்படியானால் உண்மை என்று ஒன்றே கிடையாதா? அவரவர் கண்ணாடிக்கு அவரவர் நிறம்தானா?" நானும் ஒரு வாரம் அந்த மயக்கத்தில்தான் இருந்தேன். அதிலிருந்து என்னை மீட்டது அதே புள்ளிவிவர அட்டவணை.

6, 25 என்ற இரண்டு எண்களை மட்டும் எல்லாரும் எடுத்து ஆள்கிறார்களே, அந்த அட்டவணையின் மற்றக் கலங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 1930-இல் அந்த 13 மாவட்டங்களில் சாகுபடியாளர் கையில் இருந்த நிலமும் அவர் கையை விட்டுப் போன நிலமும் சேர்ந்து ஏறத்தாழ 92½ லட்சம் ஏக்கர். அதில் விவசாயி அல்லாதவர்களிடம் இருந்தது 29 லட்சம் ஏக்கருக்கு மேல். அதிலும் செட்டியார்களிடம் இருந்தது 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர்தான். அதாவது, மந்தம் வருவதற்கு முன்பே உழுதவன் கையைவிட்டுப் போயிருந்த நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு பர்மிய நிலச்சுவான்தார்களிடமும், பணம் படைத்த பிறரிடமும் இருந்தது. படையெடுப்புக் கதை சொல்கிறவர்கள் இந்தக் கலத்தைக் காட்டுவதில்லை.

உடனே செட்டியார் தரப்பு வழக்கறிஞர் எழுந்து வெற்றி முழக்கம் செய்ய வேண்டாம். அடுத்த வரி இருக்கிறது. 1938-இல் விவசாயி அல்லாதவர் நிலம் 49 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. எட்டு ஆண்டுகளில் கூடியது சுமார் 20 லட்சம் ஏக்கர். அதே காலத்தில் செட்டியார்களின் நிலம் 24 லட்சத்து 68 ஆயிரமாகியது. கூடியது சுமார் 19 லட்சம். ஆக, அந்த எட்டு ஆண்டுகளில் கூடிய நிலத்தின் அளவும் செட்டியார் கைக்கு வந்த நிலத்தின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. இந்தக் கழித்தலைச் செட்டியார் தரப்பில் எவரும் போட்டுக் காட்டி நான் பார்க்கவில்லை. இன்னும் ஒன்று: முன்பு நிலம் வைத்திருந்த பர்மிய லேவாதேவிக்காரர்கள் பலருக்கு முதல் கொடுத்திருந்ததும் செட்டியார்களே. ஆகவே முதல் கலத்தைக் காட்டிக் கைகழுவுவதும் அவ்வளவு எளிதல்ல.

உண்மை இருக்கிறது. ஆனால் அது ஒரே கலத்தில் இல்லை; கலங்களை ஒன்றோடொன்று கழித்தும் கூட்டியும் பார்க்கும்போதுதான் முகம் காட்டுகிறது. வாதம் செய்கிறவர் தமக்கு வேண்டிய கலத்தோடு நிறுத்திக்கொள்கிறார். எந்த இடத்தில் அவர் நிறுத்துகிறார் என்று கவனித்தால், அவருடைய தோன்றா எழுவாய் அங்கேதான் நிற்கும்.

பிற்கால ஆசிரியர்களையும் இப்படியே பார்த்தேன். பர்மாவில் சிவில் சர்வீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஃபர்னிவால், 1948-இல் எழுதிய பெரிய நூலில், பல இனத்தார் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் "பன்மைச் சமூகம்" என்று பர்மாவை விவரித்தார். சமூகத்துக்கு ஒரு பொது உள்ளம் வேண்டும் என்று நம்பியவர் அவர். ஆகவே அது இல்லாத இடமெல்லாம் அவர் கண்ணில் பட்டது. 1974-இல் மைக்கேல் ஆடாஸ் டெல்டாவின் வரலாற்றை எழுதினார். காடு திருத்திய குடியானவரும், அது முடிந்தபோது வந்த நெருக்கடியும் அவருக்கு மையம். 1994-இல் டேவிட் ரட்னர் எழுதியபோது, நகரத்தாரின் சாதிக் கட்டமைப்பே ஒரு வங்கியாக எப்படி இயங்கியது என்பது கேள்வி. ஒன்பது கோயில்களும் கல்யாணச் சீரும் நடப்பு வட்டியும் அங்கே ஒரே சங்கிலியின் கண்ணிகளாகின்றன. ஷான் டர்னெல் என்ற பொருளாதார ஆசிரியர் 2009-இல் எழுதிய நூலுக்கு அந்தக் கரேன் சாட்சியின் நாக உவமையையே தலைப்பாக வைத்தார். ஆனால் உள்ளே செட்டியார்களைப் பெரிதும் விடுவிக்கிறார். இவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு இருந்தது. விளக்கு இருக்கும் பக்கம் வெளிச்சம் விழத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. இத்தனை நூல்களில் என் தாத்தாவைத் தேடினேன். கடையில் சமைத்தவர், கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர், சம்பளம் நின்றுபோனவர் எந்தக் கட்சிக்கும் சாட்சியாகப் பயன்படவில்லை. அதனால் அவர் பெரும்பாலும் இல்லை. ஒரு வாதத்துக்கு உதவாத மனிதன் அந்த வாதத்தில் பிறப்பதே இல்லை போலும்.

மறுமுறை செட்டிநாட்டுக்குப் போனபோது, பாட்டியின் வாக்கியத்தைப் பெரியவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பது நேர்மை அல்ல என்று தோன்றியது. அவர் நெடுநேரம் பேசவில்லை. ஆச்சிதான் உள்ளேயிருந்து, "எங்க மாமனார் வந்தப்பவும் கையில ஒண்ணும் இல்லைன்னு எங்க மாமியா சொல்லுவாக" என்றார்கள். பெரியவர் உடனே, "அது வேற, இது வேற. சம்பளம் சம்பளம்தான். கொடுத்திருக்கணும்" என்றார். வாதத்தில் தம் கட்சிக்குக் கிடைத்த ஒரு நல்ல ஆதாரத்தை அவரே தள்ளிவிட்டார். அந்த வீட்டின் தேக்குத் தூண்களைவிட அது எனக்கு உயரமாகத் தெரிந்தது.

பேரேட்டின் நடுவில் மடித்து வைத்த ஒரு காகிதத் துண்டு இருந்தது. வட்ட வட்டமான பர்மிய எழுத்து. "இதை மட்டும் என்னால படிக்க முடியலை தம்பி" என்று முதல் நாளே பெரியவர் சொல்லியிருந்தார். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி உண்டு. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கி, 1964-இல் பெரிய நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தபோது தாயகம் திரும்பியவர்கள் பலர். அவர்களில் எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மாளை விசாரித்துக் கண்டேன். பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். துண்டைக் கண்ணருகே பிடித்துப் படித்தார்.

"தவணை கேட்டு எழுதியிருக்கான் பாவம். நெல்லுக்கு விலை இல்லை, அடுத்த அறுவடை வரைக்கும் பொறுத்துக்குங்கன்னு எழுதியிருக்கான். ஒரு வருஷந்தான் கேக்கறான்."

நெல்லுக்கு விலை இல்லை. பெரியவரும் அதைத்தான் சொன்னார். கடன் கொடுத்தவர் பரம்பரையும் கடன் வாங்கியவன் கையெழுத்தும், எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லுகின்றன. புத்தகங்களில் எதிரெதிர்க் கூண்டுகளில் நிற்கும் இருவரும் இங்கே ஒரே பக்கம் கையை நீட்டுகிறார்கள்.

மனம் துள்ளியது. இதுதான் நாவலின் உச்சம் என்று நினைத்தேன். அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தேன். அதே சிவப்புப் பென்சில்.

நூற்றுக்கணக்கான கடனாளிகள் இருந்த ஒரு பேரேட்டில் ஒரு துண்டுக் காகிதம். அது இருவரையும் சமாதானப்படுத்தும் கதையைச் சொல்லுகிறது. அப்படி ஒரு கதை எனக்கு இப்போது தேவைப்படுகிறது. செட்டியாரை வில்லனாக்க வேண்டும் என்று வந்தவன், இப்போது எல்லாரையும் நல்லவர்களாக்கிவிட்டு வீடு திரும்ப ஆசைப்படுகிறேன். தவணை கேட்டவனுக்குத் தவணை கிடைத்ததா? பேரேட்டில் பார்த்தேன். கடிதத்தின் கீழே இருந்த பெயரை அந்த அம்மாள் வாசித்துச் சொல்லியிருந்தார். அந்தப் பெயருக்கு நேரே நிலம் வரவாகியிருந்தது. கடிதத்தில் தேதி இல்லை. நிலம் போன பிறகு எழுதியதா, போவதற்கு முன் எழுதியதா என்று அறிய வழியில்லை.

நாவலை இன்னும் முடிக்கவில்லை. ஒரு வழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. எதையாவது படித்து, "ஆஹா, இதுதான் நான் நினைத்தது!" என்று மனம் குதிக்கும்போதெல்லாம், அந்த வரிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு வரிகளை இன்னொரு முறை படிக்கிறேன். அவற்றுக்கு நீலப் பென்சிலால் கோடு போடுகிறேன். பேரேடு என் மேஜைமேல் இருக்கிறது. அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்த இடத்திலேயே, மடித்த மடிப்பு மாறாமல், திரும்ப வைத்திருக்கிறேன்.